பேனா சார்ஜ் எடுத்த நாள்

கட்டின பெண்டாட்டியை 'சிஸ்டர்' என்று கூப்பிடும் கொடுமை இந்த உலகத்தில் எத்தனை புருஷன்மார்களுக்கு நேர்ந்திருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு நேர்ந்தது. பத்து நாள், ஒரு நாளைக்கு இருபது தடவைக்குக் குறையாமல். அவள் என்னைப் 'பதினேழு' என்று கூப்பிட்டாள். இருபத்துநான்கு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு எனக்குக் கிடைத்த மரியாதை ஒரு கட்டில் நம்பர்.

நான் பஸ் டிரைவர். இருபத்தொரு வருஷமாக நகரத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வண்டி ஓட்டி, ஒரு சைக்கிளைக்கூட உரசாதவன். அப்படிப்பட்டவன் வீட்டில் ஃபேன் துடைக்கிறேன் பேர்வழி என்று நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறித் தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். "கீழ் வீட்டுல ஏணி வாங்கிட்டு வர்றேன், அதுவரைக்கும் ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் போனாள். திரும்பி வந்தபோது நான் தரையில் கிடந்தேன். அவள் அலறவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்தாள். என் காலை நேராக்கி, ஒரு பக்கம் குடையும் மறுபக்கம் ஒட்டடைக் கம்புமாக வைத்துக் கட்டினாள். நாடி பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். திறந்த வாயை ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை மூடவில்லை.

கொண்டுபோய்ப் போட்டது அவள் வேலை பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியில். இரண்டாவது மாடி, ஆண்கள் எலும்பு வார்டு. அங்கே காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில். அந்த வார்டுக்கு சிஸ்டர் யார் என்றுதானே கேட்கிறீர்கள்? அதை ஏன் கேட்கிறீர்கள்!

அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். குள்ளமான உருவம், பெரிய குரல். வெள்ளைச் செருப்பை வாரம் இரண்டு தடவை சோப்பு போட்டுத் தேய்ப்பாள். யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள், நகத்தைப் பார்ப்பாள். ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று நகத்தில் தெரியுமாம். என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போன அன்றைக்கும் என் கையைத்தான் பார்த்தாள். வெட்கத்தில் தலை குனிந்திருக்கிறாள் என்று நானும் ஏமாந்துபோனேன்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிப் பழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு நர்ஸ் வேலை முடிந்து கிளம்பும்போது அடுத்த நர்ஸிடம் 'சார்ஜ்' கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலாகப் போய், இந்த ஆளுக்கு என்ன நோவு, என்ன மருந்து, எப்போது கொடுத்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேட்பவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று வாய்விட்டு "எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னால்தான் அந்தக் கட்டில் கைமாறும். எல்லாக் கட்டிலும் முடிந்த பிறகு சாவிக் கொத்து. அதைக் கொடுத்தால்தான் படியிறங்கலாம்.

வீட்டிலும் இதேதான். டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "பாலைக் காய்ச்சி மூடி வச்சிருக்கேன். கேஸை அணைச்சாச்சு. மாடியில துணி காயுது, மழை வந்தா எடுக்கணும். எடுத்துக்கிட்டீங்களா?" என்பாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "உம்" என்றால் போதாது. "எடுத்துக்கிட்டேன்" என்று முழுசாகச் சொல்லும்வரை செருப்பில் கால் நுழையாது. எதிர் வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒரு தடவைகூடப் பால் பொங்கி வழிந்ததில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, வார்டுக்கு வருகிறேன். இந்தப் பக்கம் இருபத்திரண்டு கட்டில், அந்தப் பக்கம் இருபத்திரண்டு கட்டில். நாற்பத்துநான்கு ஆண்கள். கை உடைந்தவன், கால் உடைந்தவன், இரண்டும் உடைந்தவன். இத்தனைக்கும் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு நர்ஸ். வாசலில் இருந்து அந்தக் கோடிக்கு நூற்றைம்பது அடி இருக்கும். தலைமாட்டில் ஆளுக்கொரு கைமணி. மணி அடித்தால் அவள் ஓடி வருவாள். மாத்திரையைக் கையில் வைத்து, "முழுங்குங்க பதினேழு" என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு மணி அடிக்கும், ஓடுவாள். நான் முழுங்கினேனா இல்லையா என்று பார்க்க நின்றதே இல்லை. நானும் முழுங்கவில்லை. அந்த மாத்திரை வயிற்றைப் பிரட்டும். தலையணை உறைக்குள் பத்திரமாகச் சேர்த்துவைத்தேன்.

நான் வந்து சேர்வதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது இது. வாசல் பக்கம் மூன்றாம் கட்டிலும், அந்தக் கோடியில் இருபத்தொன்றாம் கட்டிலும் ஒரே நேரத்தில் மணி அடித்திருக்கிறார்கள். மூன்றாம் கட்டிலில் ஆபரேஷன் காயம் பிரிந்து ரத்தம். அதை அழுத்திக் கட்டிவிட்டு அவள் அந்தக் கோடிக்கு ஓடியபோது, இருபத்தொன்றாம் கட்டிலில் இருந்த கடிகாரக் கடைக்காரருக்கு மூச்சு நின்றிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. குழாயடியில் உட்கார்ந்து செருப்பைத் தேய்த்தாள். தேய்த்த செருப்பையே மறுபடி தேய்த்தாள். "ரெண்டு பேரு இருந்திருந்தா அந்த மனுஷன் இருந்திருப்பாரு" என்றாள்.

ஒரு நேரத்துக்கு இரண்டு நர்ஸ் வேண்டும் என்ற கோரிக்கை இரண்டு வருஷமாக ஒரு ஃபைலில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஃபைலுக்குத் தேவை ஒரே ஒரு கையெழுத்து. போட வேண்டியவர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் 'பேனா'. சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். பதினோரு வருஷமாக அவர் ஒரு நோயாளியின் மேல் கை வைத்ததில்லை என்றும், பேப்பர் மேல்தான் கை வைப்பார் என்றும் பேச்சு. எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிறவர், இந்த ஒரு காகிதத்தை மட்டும் பிடிவாதமாகத் தள்ளித் தள்ளி வைத்தார்.

ஆகவே வேலைநிறுத்தம். வியாழக்கிழமை காலை ஏழு மணி முதல். பிரசவ வார்டு, அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை இந்த மூன்றுக்கும் ஆள் குறையாது என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற வார்டு நர்ஸுகள் எல்லாம் கேட்டுக்கு வெளியே.

புதன்கிழமை சாயங்காலம் அவள் டியூட்டிக்கு வந்ததும் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏம்மா, நீயும் போறியா?"

"சிஸ்டர்னு கூப்பிடுங்க பதினேழு. போறேன்."

"என் காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கு. என்னை யாரு பார்த்துப்பா?"

"மத்த நாப்பத்திமூணு பேரும் இதையேதான் கேட்டாங்க. உங்களுக்குனு தனியா ஒரு பதில் வேணுமா?"

பக்கத்துப் பதினெட்டாம் கட்டிலில் ஒரு வெல்டர். கை உடைந்தவன், வாய் உடையாதவன். "அண்ணே, வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டான். நான் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தேன். கால் விடவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு சுற்றறிக்கை வந்து வார்டுக் கதவில் ஒட்டப்பட்டது. வெல்டர் போய்ச் சத்தமாகப் படித்தான். "வார்டின் சார்ஜை முறைப்படி ஒப்படைக்காமல் இறங்கும் செவிலியர், நோயாளிகளைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்." கீழே பேனாவின் கையெழுத்து.

கிடுக்கிப்பிடி என்றால் இதுதான். காலை ஷிஃப்ட் நர்ஸ் கேட்டுக்கு வெளியே கோஷம் போடுகிறாள். அவள் உள்ளே வந்தால் வேலைநிறுத்தம் உடைந்தது. வராவிட்டால் இரவு ஷிஃப்ட் முடித்தவள் யாரிடம் சார்ஜ் கொடுப்பாள்? கொடுக்காமல் இறங்கினால் பெயர் போயிற்று. பதிவேட்டில் பெயர் இல்லாதவள் எந்த ஊரிலும், எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு ஊசிகூடப் போட முடியாது.

என் பெண்டாட்டி கதவைப் பார்த்தபடி நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. என் கட்டில் பக்கம் வந்து, முதல் தடவையாக 'பதினேழு' என்று சொல்லாமல், "இருபத்தாறு வருஷங்க. எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். "பேசாம இரும்மா, போகாத" என்று சொன்னேன். கோழைத்தனமாகத்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன்.

அவள் திரும்பி நடந்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து தடியான விதிப் புத்தகத்தை எடுத்தாள். என் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மெல்லச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். குழாய் உடைந்து மூன்று வாரம் சரிசெய்யாத வீட்டு ஓனரின் வாசலிலேயே உட்கார்ந்து அவள் ஒரு தடவை துணி துவைத்தாள், அதற்கு முந்தின நாள் சிரித்த சிரிப்பு.

நேரே டெலிபோனுக்குப் போனாள். குரல் தேனாக ஒழுகியது. "சார், நான் எலும்பு வார்டுல இருந்து பேசறேன். விதியில ஒரு டாக்டரும் சார்ஜ் எடுக்கலாம்னு போட்டிருக்கு சார். உங்களை மாதிரி அனுபவசாலி வந்து எடுத்தா நோயாளிங்களுக்கும் தைரியமா இருக்கும். பேப்பர்காரங்களும் கீழ நிக்கிறாங்க..."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஆளைச் சாய்த்தது. ஏழரைக்குப் பேனா ஒரு போட்டோக்காரரோடு வந்து சேர்ந்தார். கோட்டு, டை, பையில் மூன்று பேனா. போராட்டத்தை முறியடித்துவிட்ட தெம்பு முகத்தில் வழிந்தது.

"எங்கேம்மா கையெழுத்துப் போடணும்?"

"நாப்பத்திநாலு கட்டில் முடிஞ்சப்புறம் சார். வாங்க, ஒண்ணுல ஆரம்பிக்கலாம்."

ஒன்றாம் கட்டிலில் இடுப்பு உடைந்த கொத்தனார். எலும்பு, மருந்து, சிறுநீர், ஜுரம் எல்லாம் சொல்லி முடித்தாள். பேனா "சரி, சரி" என்று அடுத்ததற்கு நகர்ந்தார். "சார், முதுகுல புண் வருதான்னு நீங்களே திருப்பிப் பார்க்கணும். பார்த்துட்டு எடுத்துக்கிட்டேன்னு வாய்விட்டுச் சொல்லணும்." பேனா குனிந்து கொத்தனாரைப் புரட்டினார். போட்டோக்காரர் படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் அவர் முகத்திலேயே பெரிதாக ஒரு இருமல் இருமினார். அந்தப் படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

நான்காம் கட்டிலில் போட்டோக்காரர் மணியைப் பார்த்தார். ஐந்தாம் கட்டிலில் ஆளையே காணோம்.

"ஒன்பது. விலா எலும்பு ரெண்டு. சிரிச்சா வலிக்கும், அதனால இவர்கிட்ட யாரும் ஜோக் சொல்லாம பார்த்துக்கணும். பன்னெண்டு. தூக்கத்துல பாடுவாரு. பாட்டு நின்னா எழுந்து பார்க்கணும், வலி வந்திருக்கும். பதினாலு. ஊசின்னா பயம். ஊசி போடும்போது மருமகளைப் பத்திக் கேளுங்க, கோபத்துல வலி தெரியாது."

பேனாவின் நெற்றியில் வேர்வை. "இதெல்லாம் வேணுமாம்மா?"

"நோயாளியோட சுபாவமும் சொல்லணும் சார். நாற்பத்தோராம் பக்கம்."

அப்புறம் என் முறை. கால்மாட்டில் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"பதினேழு. வயசு ஐம்பத்திரெண்டு. வலது தொடை எலும்பு முறிவு. காரணம், நாற்காலி மேல ஸ்டூல் போட்டு ஏறினது. ஏறாதேன்னு சொல்லியும் ஏறினது."

"அதையும் எழுதணுமா?"

"முக்கியமா எழுதணும் சார். சொன்ன பேச்சு கேக்க மாட்டாரு. வலிக்கலைன்னு சொன்னா வலிக்குதுன்னு அர்த்தம். பசிக்கலைன்னு சொன்னா கோபம்னு அர்த்தம். மூணு நாளா மோஷன் போகலை. போச்சுன்னு பொய் சொல்லுவாரு. மாத்திரையை முழுங்குறாரான்னு எனக்குச் சந்தேகம். நின்னு பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்ல. நீங்க வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க."

வார்டே சிரித்தது. ஒன்பதாம் கட்டில்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று அலறிச் சிரித்தார். மானம் கப்பலேறிவிட்டது. "எடுத்துக்கிட்டேன்" என்றார் பேனா. என்னை ஏதோ தெரு நாயைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

நாற்பத்துநான்காம் கட்டில் முடிந்தபோது மணி பதினொன்றே முக்கால். கத்தரிக்கோல் ஆறு, தெர்மாமீட்டர் பத்து, எல்லாம் எண்ணிக் கொடுத்தாள். நோட்டில் பேனா கையெழுத்துப் போட்டார். கடைசியாக இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "வர்றேன் சார்." செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

என் கட்டில் ஜன்னலோரம். கீழே ஆஸ்பத்திரி கேட்டு தெரியும். அவள் வெளியே போய் நின்றதும் நர்ஸுகள் போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மற்ற வார்டுகளுக்கும் சேதி போயிற்று. எல்லா இரவு நர்ஸுகளும் ஆளுக்கொரு டாக்டரைக் கூப்பிட்டுச் சார்ஜ் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

பேனா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"சார், எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டேன். நான் கேட்காமல் இருந்திருக்கலாம். பத்து நாள் கட்டிப்போட்டு வைத்திருந்தார்களே, வாய் சும்மா இருக்குமா?

"என் ரூமுக்கு. ஏன்?"

"யாருகிட்ட சார்ஜ் கொடுத்தீங்க?"

நின்றார். வெல்டர் எழுந்துபோய்க் கதவில் இருந்த சுற்றறிக்கையைக் கிழிக்காமல் பக்குவமாக எடுத்து வந்து நீட்டினான். மேஜை மேல் அவள் திறந்தே வைத்துவிட்டுப் போன விதிப் புத்தகத்தையும் காட்டினான். 'சார்ஜ் எடுத்தவர் எவராயினும் ஒப்படைக்காமல் இறங்கக் கூடாது' என்று அதில் இருந்தது. பேனா இரண்டையும் படித்தார். திருதிருவென்று விழித்தார்.

"எங்க டிப்போலயும் இதேதான் சார். மாத்து டிரைவர் வரலைன்னா வண்டியை நடுரோட்டுல விட்டுட்டுப் போக முடியாது" என்றேன், அனுதாபத்தோடு.

டெலிபோனில் ஒவ்வொரு டாக்டராகக் கூப்பிட்டார். சிலர் வேறு வார்டில் சார்ஜில் மாட்டியிருந்தார்கள். மாட்டாதவர்களுக்கு அன்றைக்குப் பார்த்துக் காதும் கேட்கவில்லை, லைனும் சரியில்லை. கீழே கேட்டில் நூறு நர்ஸுகள் இவர் படியிறங்குகிறாரா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் மணி அடிக்க ஆரம்பித்தது. தண்ணீர், தலையணை, பெட்பேன், வலி, மறுபடி பெட்பேன். ஒரு மணிக்குக் கோட்டு கழன்றது. இரண்டு மணிக்கு டை. ஒரு பேனா முப்பதாம் கட்டிலுக்கு அடியில் உருண்டது, இன்னொன்று பெட்பேனுக்குள் விழுந்தது, மூன்றாவதை ஒருவர் குறுக்கெழுத்துப் போடக் கடன் வாங்கினார். என்னிடம் வந்து மாத்திரையை வாயில் போட்டு, "ஆ" காட்டச் சொன்னார். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு காட்டினேன். திருப்தியாகப் போனார். பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மற்றபடி நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். ராத்திரி முழுக்க விழித்தவள், பச்சைத் தண்ணீர் குடித்தாளோ என்னவோ. வெயில் பட்டால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். ரொட்டியும் பாலும் வந்தது. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்றரை மணிக்கு அது நடந்தது. வாசல் பக்கம் இரண்டாம் கட்டிலில் மணி. தாத்தா ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து, பாதி உடம்பு கீழே தொங்கியது. பேனா ஓடிப் பிடித்தார். அவரைத் தாங்கி நின்றபோதே அந்தக் கோடி இருபத்துநான்கில் மணி. லாரியில் அடிபட்ட ஒரு ஆள், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பேனா தாத்தாவை விட்டால் தாத்தா விழுவார். விடாவிட்டால் அந்தக் கோடிக்குப் போக முடியாது. நடு ஹாலைப் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "யாராவது வாங்க!" என்று கத்தினார். அந்தக் குரல் டாக்டர் குரல் இல்லை, பயந்த மனுஷனுடைய குரல். வார்டில் ஒருவனும் சிரிக்கவில்லை.

வெல்டர் ஒற்றைக் கையோடு ஓடித் தாத்தாவைத் தாங்கிக்கொண்டான். பேனா நூற்றைம்பது அடியும் ஓடினார். ஆக்சிஜனை மாட்டினார், ஊசி போட்டார், அந்த ஆள் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. பழைய வேலை மறந்துபோகவில்லை, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். பிறகு சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன மாசம் இருபத்தொண்ணாம் கட்டில்லயும் இப்படித்தான் சார்" என்றேன். இந்தத் தடவை குத்திக்காட்டச் சொல்லவில்லை. "அன்னைக்கு வெல்டர் இல்ல."

பேனா எழுந்து என் கட்டிலுக்கு வந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சிஸ்டர்! மேல வாங்க!"

கீழிருந்து அவளுடைய பெரிய குரல் வந்தது. "சார்ஜ் எடுக்கவா சார்?"

"ஆமாம்மா!"

"ஒருத்தியா வரமாட்டேன் சார். ரெண்டு பேரா வருவோம். இன்னைக்கு மட்டும் இல்ல, எல்லா வார்டுக்கும், எல்லா நாளும்."

"ஃபைலைக் கொண்டாரச் சொல்லும்மா!"

ஃபைல் வந்தது. என் கட்டிலின் சாப்பாட்டுப் பலகையை என் வயிற்றுக்கு மேல் இழுத்து, அதில் வைத்துப் பிரித்தார். சட்டைப் பையைத் தடவினார். பேனாவுக்குப் பேனா இல்லை. வார்டு நோட்டில் பேண்டேஜ் துணியால் கட்டித் தொங்கவிட்ட, முனை மழுங்கிய பேனாதான் கிடைத்தது. அதில்தான் கையெழுத்துப் போட்டார். ஃபைலையும் நோட்டையும் சேர்த்து இழுத்ததில் என் காலும் கொஞ்சம் இழுபட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவளும் சின்ன சிஸ்டர் ஒருத்தியும் மேலே வந்தார்கள். காலையில் கேட்டில் தொண்டை கிழியக் கத்தியதால் சின்ன சிஸ்டருக்குக் குரலே இல்லை. இவள் கண் சிவந்திருந்தது, நெற்றிப் பொட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். நான் பயந்தது சரிதான், தலைவலி வந்திருந்தது.

பேனா ஒன்றாம் கட்டிலிலிருந்து சார்ஜ் கொடுத்தார். பேப்பரைப் பார்க்காமலே கொடுத்தார். "ஒன்பது. இன்னைக்கு ரொம்பச் சிரிச்சுட்டாரு, கட்டை மாத்தியிருக்கேன். பதினாலு. மருமகளைப் பத்திக் கேட்டேன், நீங்க சொன்னது சரிதான்." ஒவ்வொரு கட்டிலுக்கும் அவள் "எடுத்துக்கிட்டேன்" என்றாள்.

என் கால்மாட்டில் வந்து நின்றார்கள்.

"பதினேழு. காலுல கட்டின எடை சரியாத் தொங்குது. மாத்திரை முழுங்கிட்டாரு, நானே வாயைப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடல. பசிக்கலைன்னு சொன்னாரு. கோபமான்னு கேட்டேன், இல்லைன்னாரு. நாள் பூரா ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தாரு. என்னன்னு கேட்டா, வெளிய வெயில் ஜாஸ்தி, அவளுக்குத் தலைவலி வந்துரும்னாரு."

அவள் நோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"எடுத்துக்கிட்டேன்" என்றாள். குரல் எழும்பவே இல்லை.

"வாய்விட்டுச் சொல்லணும் சிஸ்டர், விதி!" என்று வெல்டர் கத்தினான்.

"எடுத்துக்கிட்டேன்!" என்றாள், கேட்டு வரைக்கும் கேட்கும்படி. அடுத்த நொடி என் தலைக்கு அடியில் கையை விட்டுத் தலையணையை உருவி உதறினாள். வெள்ளை மாத்திரைகள் படபடவென்று தரையில் உருண்டன. பத்து நாள் சேமிப்பு. பேனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சார், இந்தக் கட்டிலுக்கு உங்க ரிப்போர்ட் தப்பு."

புதிதாக ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். "முழுங்குங்க."

அந்த நேரம் வாசல் பக்கம் நாற்பதாம் கட்டிலில் மணி அடித்தது. நான் வழக்கம் போலக் காத்திருந்தேன், அவள் ஓடுவாள் என்று. சின்ன சிஸ்டரின் செருப்புச் சத்தம் அந்தப் பக்கம் ஓடியது. இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பில் கை வைத்து என் பக்கத்திலேயே நின்றாள்.

முழுங்கினேன்.

"ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க" என்றாள். தூக்கிக் காட்டினேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.